குதிரை வாலில் ஒரு பின்னல்

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்க ஒரு திகில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குவாத்தமாலா நாட்டுப் பழங்கதைகளில் வரும் தொப்பிக்காரப் பேயான சோம்ப்ரெரோனைப் பற்றிய கதை. அது எனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் தரம் பார்க்கும் வேலை. அந்த வேலையாகத்தான் குவாத்தமாலா போனேன். உலகத்துக்கு ஏலக்காய் அனுப்புவதில் முன்னணியில் இருக்கும் நாடு அது. நம் மலைச் செடியை நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோனார். இப்போது கோபான் என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் கெக்சீ மாயா மக்கள் அதைப் பயிர் செய்கிறார்கள். அங்கே விடாமல் தூறும் மழைக்கு ‘சிப்பி சிப்பி’ என்று பெயர்.

பச்சைக்காயைக் காயவைக்கும் கொட்டகையில் விறகு அடுப்பு இரவெல்லாம் எரிய வேண்டும். தீயைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். தூக்கம் வராமலிருக்க எனக்குக் கதை சொன்னான். ஓடையில் தலை சீவிக்கொண்டிருக்கும் சிகுவானாபா, பின்னாலிருந்து பார்த்தால் பேரழகி, திரும்பினால் குதிரை முகம். பெண்களைத் துரத்தித் திரியும் ஆண்களுக்குத்தான் அவள் தென்படுவாளாம். அப்புறம் கதேஹோ, ஆட்டுக்குளம்பு வைத்த நாய். கறுப்பு நாய் வந்தால் கேடு, வெள்ளை நாய் வந்தால் துணை. குடித்துவிட்டு வந்த அவன் மாமாவை ஒரு வெள்ளை நாய்தான் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

தொப்பிக்காரனைப் பற்றிக் கேட்டபோது அவன் சிரிக்கவில்லை. சோம்ப்ரெரோன் குள்ளன். தலையில் உடம்பை மூடும் அளவுக்குத் தொப்பி, கையில் கிதார், கூடவே கரி மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகள். நீளக்கூந்தலும் பெரிய கண்ணும் உள்ள பெண்ணைப் பார்த்துவிட்டால் அவள் வீட்டு வாசலில் கழுதைகளைக் கட்டிவிட்டுப் பாட ஆரம்பிப்பான். அவளுக்குத் தூக்கம் போய்விடும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் மண் கிடக்கும். அவன் வந்து போனதற்கு அடையாளம், குதிரையின் பிடரியிலோ வாலிலோ பொடிப்பொடியாகப் பின்னல் போட்டிருக்கும்.

விடியும் நேரத்தில் மழைக்கு நடுவே ஒரு நரம்பு அதிர்வதுபோல எனக்குக் கேட்டது. தகரக் கூரையில் மழை எத்தனையோ சத்தம் போடும், சரி. ஆனால் பையனும் தலையை நிமிர்த்தினான்.

வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தோம். கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த குதிரையின் வாலில் விரல் தடிமனில் மூன்று பின்னல். காற்றிலும் ஈரத்திலும் முடி சிக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். இது சிக்கு மாதிரி இல்லை. என் அக்காவுக்கு அம்மா தலை பின்னிவிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

பையனின் அம்மா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்த் தன் மகளை அழைத்துவந்து திண்ணையில் உட்காரவைத்தார். இடுப்புக்குக் கீழே இறங்கிய கூந்தல் அந்தப் பெண்ணுக்கு. கத்தரிக்கோல் கூர் போயிருந்ததால் நேரம் பிடித்தது. அவள் அழவில்லை, குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடினவன் எவனோ, முடியை இழந்தவள் அவள். என் கதையை அவள் வாயாலேயே சொல்லவைக்கிறேன். தொப்பிக்காரனைவிட அந்தத் திண்ணைதான் எனக்குப் பெரிய பயம். அந்த வயதுப் பெண்பிள்ளைகள் படித்தால் அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

வெட்டிய கூந்தலைத் துணியில் சுற்றித் தேவாலயத்துக்கு எடுத்துப் போனார் அம்மா. குதிரை வாலில் இருந்த பின்னல்களைப் பையன் கத்தியால் அறுத்து அடுப்பில் போட்டான்.

அன்று மதியம் அந்தத் தட்டுக் காயை நான்தான் தரம் பார்த்தேன். நல்ல பச்சை, பருமனான காய். ஒன்றை உடைத்து முகர்ந்தேன். மணத்துக்கு அடியில் முடி கருகிய வாடை இருந்தது. தரத்தைக் குறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை.