பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு பிஎஸ்6 வாங்கலாமா?

பாலக்கோட்டான்:
2012 மாடல் பிக்கப். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி, பருவத்தில் கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கு மாங்காய். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. பின்கதவைக் கயிறுதான் தாங்குகிறது. மாறலாமா?

மத்தூர் டிரைவர்:
மாறுங்கள் அண்ணா. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. தோட்டத்துக்கும் மண்டிக்கும் மட்டுமே ஊர்ந்தால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் கரி எரிந்துவிடும். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள்.

காரிமங்கலத்துக்காரர்:
தக்காளி விலையை நம்பித் தவணை போடாதே தம்பி. அது யாருக்கும் சொந்தமில்லை. பழையதை விற்றால் ஆர்சியில் பெயர் மாறும்வரை விடாதே. வாங்கியவன் எங்காவது இடித்தால் நோட்டீஸ் உன் வீட்டுக்குத்தான் வரும்.