ரோமானியக் கோட்டைக்குப் பார்வையாளர் மையம்: மேலேயா, கீழேயா?

கேட்டவர்: வரைபலகை

நியூகாசிலில் கட்டடக்கலை படிக்கிறேன். இந்த முறை ஸ்டூடியோவில் (வரைபட வகுப்பில்) கொடுத்திருப்பது வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் எல்லைச்சுவரோரம் இருக்கும் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை. அங்கே ஏற்கெனவே சாலையோரம் ஒரு மையமும் மேலே ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு, இரண்டும் இல்லையென்று வைத்துக்கொண்டு புதிதாக வரைய வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்றம், காற்று ஆளையே தள்ளும். அதனால் கோட்டை மதிலை ஒட்டியே கண்ணாடிக் கட்டடம் போட்டு, உள்ளே டீ குடித்துக்கொண்டே இடிபாடுகளைப் பார்க்கட்டும் என்று வரைந்தேன். ஆசிரியர், "அடியில் புதைந்திருப்பதைத் தோண்டாமல் எப்படி நிறுத்துவாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறேன்.

கடைக்கால்

நிறுத்துவது பெரிய விஷயமில்லை தங்கச்சி. மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணையும் சரளையையும் பிரித்துவைக்கும் செயற்கைத் துணி), அதன்மேல் சரளை, அதற்கும் மேலே பரவலான கான்கிரீட் பலகை. எடையைப் பரப்பிவிட்டால் தோண்டாமலே லேசான மரக்கட்டடம் நிற்கும், வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். மாட்டிவிடுவது கழிப்பறைதான். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் பள்ளம் வேண்டும், பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அனுமதி வேண்டும். வடிகாலால் ஈரம் வற்றினாலும் புதைந்திருப்பவற்றுக்கு ஆபத்து. பக்கத்து ரோமானியக் கோட்டையான விண்டோலாண்டாவில் 1973-இல் கிடைத்த மரச்சுவடிகள் அத்தனை நூற்றாண்டு மக்காமல் இருந்ததே காற்றுப் புகாத ஈரமண்ணால்தான்.

இன்னொன்று, ரோமானியச் சிப்பாய்களின் பொதுக் கழிப்பறையை அங்கே பார்த்திருப்பாய். கோட்டையின் மிகத் தாழ்வான தென்கிழக்கு மூலையில் வைத்து, மழைநீரைத் தொட்டியில் பிடித்து அலசிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் தாழ்வில் வைத்ததை நீ உச்சிக்குத் தூக்குகிறாய்!

வெயிலான்

கண்ணாடி வேண்டவே வேண்டாம். சிசிலியில் பியாஸ்ஸா ஆர்மெரினாவிலுள்ள ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகளுக்கு 1950-களின் இறுதியில் கட்டடக்கலைஞர் பிராங்கோ மினிஸ்ஸி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டார். யோசனை அழகுதான், ஆனால் உள்ளே சூடும் ஈரப்பதமும் ஏறி, பார்க்க வருபவர் வெந்துபோனார், மொசைக்கும் பாதிக்கப்பட்டது. கடைசியில் அதை எடுத்துவிட்டு ஒளி புகாத கூரை போட்டார்கள். உன் கோட்டை இருக்கும் நார்தம்பர்லாந்தில் அந்த வெயில் இல்லை, சரி, ஆனால் அங்கே கண்ணாடியில் பாதி நாள் மழைத்துளியைத்தான் பார்ப்பாய்.

சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் ரோமானிய இடிபாடுகளுக்கு மேல் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் 1986-இல் முடித்த மறைப்பைப் பார். ரோமானியக் கட்டடங்களின் சுவர்கள் ஓடிய கோட்டிலேயே மரச்சட்ட வரிசைகளை எழுப்பி, மேலிருந்தும் வெளிச்சம் விட்டிருக்கிறார்.  கண்ணாடிச் சுவரும் இல்லை, டீயும் கிடையாது.

பழங்கல்

மேலே சொன்னவர்கள் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு வழிதான் முக்கியம். ஸ்பெயினின் கார்த்தஹேனாவில் ரோமானிய அரங்குக்கான அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைஞர் ரஃபேல் மொனேயோ என்ன செய்தார் தெரியுமா? நகரசபைச் சதுக்கத்திலிருந்த ஒரு பழைய மாளிகை வழியாக நுழையவைத்து, தெருவுக்கு அடியில் நடத்தி, காட்சிக்கூடங்களில் ஏற்றி, பழைய தேவாலயத்துக்குக் கீழே கூட்டிப்போய், கடைசியில் ரோமானிய அரங்கின் மேல்வரிசை இருக்கைகளில் கொண்டுவந்து விடுகிறார். அதுவரை அரங்கு கண்ணில் படாது. உனக்கு அந்த ஏற்றம் ஏற்கெனவே இருக்கிறது, இலவசமாக! அதைக் குறைக்கப் பார்க்காதே. பாதி வழியில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார ஒரு கல்மறைப்பு போதும்.

வரைபலகை

நன்றி, கழிப்பறையும் டீக்கடையும் கீழே இறங்கிவிட்டன, கண்ணாடியும் போய்விட்டது. ஆனால் ஏற முடியாதவர்கள்? என் பாட்டி வந்தால் கீழேயே டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?

கடைக்கால்

அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏற, சரிவு 1:20-ஐ, அதாவது இருபது அடி போனால் ஒரு அடி ஏற்றம் என்பதைத் தாண்டக்கூடாது. சமவுயரக் கோடுள்ள வரைபடத்தை எடுத்து அந்தச் சரிவில் பாதை எப்படி வளைந்து போகிறது என்று முதலில் கோடு போடு. நீளமாகத்தான் வரும், ஆனால் கல்மறைப்பு எங்கே வரவேண்டும் என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும். போட்டதும் படத்தை இங்கே ஏற்று, பார்க்கலாம்.