டுபாய் உயிரில்லாத ஊரா?

கல்லடிக் காற்று:
லண்டன் போகிற வழியில் விமானம் மாறுவதற்கு இடையில் ஒரு முழுப் பகல் கிடைத்தது. டிரான்சிட் விசா எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஆடி மாத வெயில். டிரைவர் இல்லாமல் ஓடும் மெட்ரோ, 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா, அதன் காலடியில் முடிவே தெரியாத கடைகள், எல்லாம் பார்த்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அங்கே பணம் இருக்கிறது, ஊர் இல்லை. ரோட்டில் நடந்து போகிற ஆட்களைக் காணவில்லை. மரத்தடியில் இரண்டு பேர் நின்று கதைப்பதைக் காணவில்லை. அந்த மரங்களுக்கே அடியில் குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். குழாயை மூடினால் எல்லாம் திரும்ப மணல்தான்.

மெட்ரோ யன்னலால் பார்த்தபோது, பாதி எழும்பிய ஒரு கட்டடத்தின் நிழலில் நீல உடுப்புக்காரர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். பகல் ஒரு மணி இருக்கும். பிறகு நான் சுற்றிய மாலுக்குள் அந்த உடுப்பில் ஒருவரையும் காணவில்லை. கட்டியவன் உள்ளே வராத கட்டடம் எனக்கு அழகாகத் தெரியவில்லை. மட்டக்களப்பும் டுபாய் மாதிரி வர வேணும் என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது பயமாக இருக்கிறது.

மருதமுனை நெசவாளி:
தம்பி, நீங்கள் ஊரின் முகப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்கிறீர்கள். நான் டுபாயின் பழைய கடைப் பகுதியான டெய்ராவில் துணிக்கடையில் வேலை செய்து தலை நரைத்தவன். அந்தப் பக்கம் நீங்கள் போகவே இல்லை.

க்ரீக் என்கிற உப்பாற்றைக் கடக்க அப்ரா என்ற சின்னப் படகு இருக்கிறது, ஒரு திர்ஹம்தான். ஏறி டெய்ராக் கரையில் இறங்கினால் மரக்கப்பல்கள் அடுக்கடுக்காக நிற்கும். டயர், ஃபிரிட்ஜ், தேயிலைப் பெட்டி, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் நடைபாதையில் குவிந்து கிடக்கும். ஈரானுக்குப் போவதும் உண்டு, சோமாலியாவுக்குப் போவதும் உண்டு. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கப்பல்காரர் ரொட்டி சுட்டுச் சாப்பிடுவார்கள், போகிறவரையும் கூப்பிடுவார்கள். ரோட்டில் மனிதர் இல்லை என்று இதைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல். அதற்கு முன்பே அது வியாபார ஊர். முத்தில் வாழ்ந்தார்கள், மன்னார் முத்துக்குளிப்புக்கு அரபுச் சுழியோடிகள் வந்து போன காலமும் இருந்தது. ஜப்பான்காரன் முத்தை வளர்க்கத் தொடங்கியதும், 1930களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பட்டினியும் பார்த்த ஊர் அது. இன்றைக்கு டுபாயின் வருமானத்தில் எண்ணெயின் பங்கு மிகச் சிறியது. துறைமுகமும் விமானமும் வியாபாரமும்தான் ஓட்டுகின்றன.

குழாயை மூடினால் மணல் என்கிறீர்கள். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் கதவை மூடினால் சிறுபோகத்துக்குச் சம்மாந்துறை வயல் என்னவாகும் தம்பி?

கல்லடிக் காற்று:
வயல் உவமை சரி நானா, அதை ஏற்கிறேன். டெய்ராவுக்கு நான் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்டது பழமையைப் பற்றி அல்ல. அங்கே இருக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். வேலை முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் வெளியே. நீங்கள் தலை நரைக்கும்வரை உழைத்தீர்கள். அங்கே உங்களுக்கு ஒரு வாக்கு உண்டா? ஒரு துண்டு மையவாடி நிலத்துக்காவது உரிமை உண்டா? உழைக்கிறவனுக்கு உரிமை இல்லாத இடத்தை ஊர் என்று எப்படிச் சொல்வது?

ஏறாவூரான்:
அண்ணன், அவர்கள் குடியுரிமை தருவோம் என்று கூப்பிடவில்லை. சம்பளம் தருவோம் என்று கூப்பிட்டார்கள், தந்தார்கள். நம் பக்கத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அண்ணன் கல்யாணம் முடிக்க முடியாது. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இது ஒன்றுதான். அந்த வீடுகளின் ஓடு, டைல்ஸ், கதவு எல்லாம் எங்கே இருந்து வந்த காசு? காத்தான்குடி மெயின் ரோட்டில் பேரீச்ச மரம் நிற்கிறது, அந்த நாடுகளோடு நமக்குள்ள உறவைத் தெருவிலேயே பார்க்கலாம். ஓ.எல். முடித்த பையனுக்கு இங்கே என்ன வேலை வைத்திருக்கிறோம்? லண்டன் போகிறவருக்கு டுபாய் ஒரு தரிப்பிடம். எங்களுக்கு அது அடுப்பு எரிகிற காசு. அதை உயிரில்லாத ஊர் என்றால் நெஞ்சில் குத்துகிறது.

திருக்கோவில் மகள்:
அண்ணன்மாரே, நீங்கள் எல்லாரும் சுற்றிப் பார்த்த ஊரைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என் அம்மா சுனாமிக்குப் பிறகு டுபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனவ. க்ரீக்கும் பார்க்கவில்லை, மாலும் பார்க்கவில்லை. புர்ஜ் கலீஃபாவை எசமான் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் காரின் கண்ணாடியால் பார்த்திருக்கிறா.

அடித்தார்கள், சம்பளம் தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேடம் நல்ல மனுசி. ஆனால் கிழமைக்கு ஒரு நாள் லீவு என்ற கதையே அப்போது இல்லை. வீட்டுப் பணியாளருக்கு அதைச் சட்டத்தில் எழுதியது 2017இல்தான். அம்மா ஊருக்குப் பெட்டி போடுவா. நிடோ, டாங், சவர்க்காரம், நடுவில் பெரிய பூப்போட்ட பிளாங்கட், அதற்குள் சுற்றி எனக்குச் சட்டை. நான் வளர்ந்தது அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு அளவு சின்னதாகவே வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் சப்பாத்து அளவு அம்மாவுக்கு மனப்பாடம்.

ஏறாவூர்த் தம்பி, அந்தக் காசில் கட்டிய வீடு என் பெயரில்தான் இருக்கிறது. வீடு வந்ததுதானே என்று சொல்லிக் கணக்கை மூடாதீர்கள். கல்லடி அண்ணன், உயிரில்லாத ஊர் என்றும் சொல்லாதீர்கள். என் அம்மாவின் உயிர் அங்கேதான் போனது, வேலையாக.

ஏறாவூரான்:
அக்கா, மன்னியுங்கள், கணக்கை மூட நான் நினைக்கவில்லை. ஆனால் குற்றத்தைப் பாதியாவது இங்கே வைக்க வேணும். வீடு வீடாக வந்து ஆள் பிடிக்கிற சப் ஏஜென்ட் நம் ஊர்க்காரன். அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று போகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை.

காரைதீவான்:
டுபாயில் கட்டட சைட்டில் மேற்பார்வை வேலை எனக்கு. கல்லடி அண்ணன் பார்த்த காட்சியை முதலில் விளக்குகிறேன். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30க்கும் 3 மணிக்கும் இடையில் திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நிழல் இடமும் கொடுக்க வேணும். அவர்கள் அந்த நேரத்தில்தான் படுத்திருந்தார்கள். கைவிடப்பட்டுக் கிடக்கவில்லை.

அதற்காகப் பிரச்சினை இல்லை என்று சொல்ல வரவில்லை. கடல் ஈரக்காற்றில் காலை பதினொரு மணிக்கே பலகை அடிக்கிறவனின் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். சட்டம் மணிக்கூட்டைப் பார்க்கிறது. உடம்பைப் பார்க்க ஃபோர்மன் வேணும். நல்ல கம்பனியில் ஏசி போட்ட ஓய்வறை இருக்கும். மோசமான இடத்தில் சீமெந்துத் தரைதான்.

ஆள் இல்லாத ஊர் என்பதற்கும் ஒன்று சொல்ல வேணும். 2024 ஏப்ரல் 16இல் அங்கே பெய்த மழை, 1949இல் பதிவு தொடங்கிய பிறகு காணாத மழை. ரோட்டெல்லாம் வெள்ளம், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேல் மாடியில் இருந்த பாகிஸ்தான் கிழவருக்கும் மனைவிக்கும் மலையாளப் பையன்கள் தண்ணீர்ப் போத்தலைத் தோளில் சுமந்து ஏறினார்கள். நம் ஊர் வெள்ளத்தில் செய்வதைத்தான் செய்தார்கள்.

கல்லடிக் காற்று:
ஓய்வு நேரச் சட்டம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. தண்ணீர் சுமந்த பையன்களைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அந்த உயிர் அவர்கள் கொண்டுபோனது, நகரம் கொடுத்தது அல்ல. அவ்வளவு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருவரையும் சொந்தமாக்காத ஏற்பாட்டை நான் இன்னும் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

மருதமுனை நெசவாளி:
ஊர் என்பதே ஆட்கள் கொண்டுவருகிறதுதானே தம்பி. அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எந்த நகரத்துக்கு உயிர் இருக்கும்? இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

திருக்கோவில் மகள்:
காரைதீவு அண்ணன், என் தம்பி டுபாய்க்கு சைட் வேலைக்குப் பேப்பர் போட்டிருக்கிறான். சப் ஏஜென்ட் விசாவுக்கு என்று காசு கேட்கிறான். சரியா?

காரைதீவான்:
சரியில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி விசாச் செலவும் ஆள் எடுக்கிற செலவும் கம்பனியுடையது, தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. வேலைக் கடிதத்தை அவர்களின் தொழில் அமைச்சு தமிழிலும் வைத்திருக்கிறது. தமிழில் தாருங்கள் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் சேர்த்தது எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேணும், இரண்டையும் கூட்டிச் சொல்லித்தான் ஏமாற்றுவார்கள். சம்பளம் வங்கி வழியாக வர வேணும். போய் இறங்கிய பிறகு பாஸ்போட்டைக் கம்பனி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. கையெழுத்துப் போடுமுன் கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.