கிரிக்கெட் வீரர் சனத் ஜயசூரியவை நீங்கள் முதலில் எப்படிக் கண்டீர்கள்? வன்னி ஆட்கள் எழுதுங்கோ

அக்கராயன் டைனமோ:

நேற்று யூடியூப்பில் 1996 உலகக் கிண்ண டெல்லி மட்ச்சைப் பார்த்தேன். அதிலிருந்து மண்டை குடைகிறது, அதுதான் எழுதுகிறேன்.

கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வளவில் பெடல் சுற்றுவது சின்ன மாமா. ஆகாசவாணியில் ஆங்கிலமும் ஹிந்தியும் மாறி மாறி வரும். ஹிந்தி வந்தால் சனத்தின் இரைச்சலை வைத்து, அதாவது டெல்லிச் சனத்தின் இரைச்சலை வைத்து, ஊகிப்போம். சனம் அமைதி என்றால் எங்கள் சனத் அடித்திருக்கிறார்.

இந்தியா 271, டெண்டுல்கர் 137. மட்ச் போச்சு என்று அப்பு பாயை விரித்துவிட்டார். பிறகு மனோஜ் பிரபாகர் பந்து போட வந்தார். (அந்தப் பெயர் வந்தாலே வளவில் ஒரு நமுட்டுச் சிரிப்பு ஓடும்.) அவருடைய முதல் இரண்டு ஓவரில் 33. பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு நாலுக்கும் மாமா பெடலை விட்டுவிட்டுத் துள்ளுவார், ரேடியோ செத்துவிடும். “சுத்தடா விசரா!” என்று அப்பு பாயில் கிடந்தபடி கத்துவார். திரும்பச் சுற்றி ஒலி ஏறுவதற்குள் அடுத்த நாலும் போயிருக்கும். முதல் மூன்று ஓவரில் 42 அடித்தார்கள், எங்கள் காதில் விழுந்தது பாதி இருக்குமோ என்னவோ. நேற்று வீடியோவில் பார்த்த ஒரு அடி எனக்குப் புத்தம் புதிது. மாமா இப்போது கனடாவில். கேட்டால், “நான் பெடலை விடவே இல்லை” என்கிறார்.

நந்திக்கடல் லெக்ஸ்பின்:

அண்ணை, எல்லாரும் டெல்லியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். காலிறுதியில் இங்கிலாந்துக்கு 44 பந்தில் 82, அது சரி. அரையிறுதியில் கல்கத்தாவில் எத்தனை? 1. இறுதிப் போட்டியில் ரன் அவுட், 9. லாகூரில் கிண்ணத்தை வென்று தந்தது அரவிந்த டி சில்வா, 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், 3 விக்கெட்டும் எடுத்தார். சனத்துக்குத் தொடர் நாயகன் விருது கொடுத்தபோது கல்கத்தாவில் அவர் போட்ட பந்தையும் யாரோ நினைத்திருக்க வேண்டும். 7 ஓவர், 12 ஓட்டம், 3 விக்கெட். டெண்டுல்கரை ஸ்டம்ப் பண்ணியதும் அவருடைய பந்தில்தான். 98க்கு ஒன்று என்றிருந்த இந்தியா 120க்கு எட்டு.

என் கதை சின்னது. சனத்தின் மட்டைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது என்ற கதை புதுக்குடியிருப்புப் பக்கம் எல்லாப் பெடியளுக்கும் தெரியும். என் ஒன்றுவிட்ட அண்ணன் பூவரசம் பலகையில் செய்த மட்டையைப் பின்பக்கம் தோண்டி, பழைய டோர்ச் லைட்டின் ஸ்பிரிங்கை உள்ளே இறுக்கி, மேலே தார் பூசினான். தார் காயும்வரை ஒருவரையும் தொட விடவில்லை. முதல் பந்திலேயே மட்டை நெடுக்காகப் பிளந்தது. ஸ்பிரிங் பறந்துபோய் விக்கெட் காப்பாளனின் நெற்றியில் பட்டது. அப்படியும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்பிரிங் சைஸ் பிழையாம்.

சிரிக்காதீர்கள். 2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 149 அடித்தது உண்மைதானே.

பெயர் வேண்டாம்:

2009 ஜூன், செட்டிகுளம் முகாம். இங்கிலாந்தில் இருபது ஓவர் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது. தண்ணீர் வரிசையில் நிற்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆமிக்காரன், என் வயதுதான் இருக்கும், காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு காலைத் தொட்டான், மற்றக் காலைத் தொட்டான், தொடையைத் தொட்டான், தொப்பியைத் தொட்டான். பந்துக்கு முதல் சனத் செய்வாரே, அதே ஒழுங்கில். பிறகு ஒரு கையின் ஐந்து விரலையும் மற்றக் கையின் ஒரு விரலையும் உயர்த்திக் காட்டினான்.

எனக்குச் சிங்களம் தெரியாது. அவனுக்கும் தமிழ் தெரிந்திருக்காது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். வரிசையில் அத்தனை பேர் நிற்க எனக்கு ஏன் காட்டினான் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபமா என்றால், அதுவும் தெரியாது.

தருமபுரம் மச்சாள்:

தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை ‘பெயர் வேண்டாம்’ எழுதியதும் அம்மம்மாதான் ஞாபகம் வந்தா. ஏ9 வீதி திறந்த பிறகு, 2003 உலகக் கிண்ணம். கிளிநொச்சியில் ஒரு கடையில் ஜெனரேற்றர் போட்டு ரீவி காட்டினார்கள், மண்ணெண்ணெய்க் காசு தலைக்கு இவ்வளவு என்று. புளூம்ஃபொன்டெய்னில் நியூசிலாந்துடன் மட்ச், சனத் 120 அடித்தார். வருஷக்கணக்காக ரேடியோவில் கேட்டு, ஆள் ஆறடி உயரம், ஐயனார் மாதிரி மீசை என்று நினைத்து வைத்திருந்த அம்மம்மா ரீவியைப் பார்த்துவிட்டு, “இந்த மொட்டையனே?” என்றா. பிறகு அவர் காலையும் தொடையையும் தொட்டதைப் பார்த்து, “பாவம், மூட்டைப்பூச்சி கடிக்குது போல” என்றா. கடை முழுக்கச் சிரிப்பு. அடுத்த பந்தை வெட்டினார், பொயின்ற்றில் ஓஃப் பக்கம் நின்றவருக்கு மேலால் போனது, அம்மம்மா கை தட்டவில்லை. கடைசிவரை அது வேறு ஆள் என்றுதான் சாதித்தா.

என் மகளும் இடக்கைதான். பள்ளிக்கூடப் பெண்கள் அணியில் இந்த வருஷம் கடினப்பந்துக்கு ஓப்பனிங் இறங்குகிறாள். போனில் அவருடைய வீடியோவைப் பார்த்துப் பார்த்து அதே அடி.

பரந்தன் கோச்சர்:

நானும் ஒருமுறை உருத்திரபுரத்தில் ஒரு இடக்கையனுக்குப் பந்து போட்டு, அவன் அதைப் பொயின்ற்றுக்கு மேலால் வாய்க்காலுக்குள் அடித்தான். பந்து கிடைக்கவில்லை, மட்ச் முடிந்தது. என் கதை அவ்வளவுதான்.

தங்கச்சி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அடியை இப்போதே பழக விடாதீர்கள். எங்கள் பள்ளிகளில் மட்டிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில்தான் பழகுகிறார்கள். மட்டிங்கில் பந்து நன்றாக எழும்பும், இடுப்பளவுக்கு வரும் பந்தை யாரும் வெட்டலாம். பெரிய மட்ச்சுக்குப் புல் ஆடுகளத்துக்குப் போனால் அதே பந்து முழங்காலுக்குத்தான் வரும், விளிம்பில் பட்டு நேரே காப்பாளர் கையில் விழும். எத்தனை பிள்ளைகள் இப்படிப் போனதைக் கண்டுவிட்டேன்.

இன்னொன்று. சனத் 1996இல் அப்படி அடித்ததற்குக் காரணம் கை பலம் மட்டுமல்ல. அப்போது முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் இரண்டு பேர்தான் நிற்கலாம். மற்ற அணிகள் அந்த நேரத்தில் புதுப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், இவரும் கூட ஓப்பனிங் இறங்கிய களுவிதாரணவும் தலைக்கு மேலால் தூக்கினார்கள். அந்தச் சட்டம் இப்போது 10 ஓவராகிவிட்டது. பள்ளி மட்ச்சில் எப்படி என்று மாஸ்டரைக் கேளுங்கள். கேட்காமல் தூக்கினால் எல்லைக்கோட்டில் ஆள் நிற்கும்.

மூன்றாவது பொறுமை. சனத் இலங்கைக்காக 1989 டிசம்பரில் மெல்பேர்னில் முதல் மட்ச் ஆடினார். முதல் சதம் வந்தது 1994 டிசம்பரில், அதே புளூம்ஃபொன்டெய்னில், அதே நியூசிலாந்துக்கு 140. நடுவில் ஐந்து வருஷம். அந்த நாட்களில் அணியில் இடம் நிலைத்ததற்குப் பந்துவீச்சும் ஒரு காரணம். ஒருநாள் மட்ச்சில் மட்டும் 323 விக்கெட் எடுத்த மனுஷன். ஆகவே மகளுக்கு இடக்கைச் சுழலும் பழக்குங்கள், ஓட்டம் வராத நாளிலும் அணியில் இடம் இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் வலைக்குள் விடவே வேண்டாம். வீடியோவைக் குறைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் முட்டை.

நந்திக்கடல் லெக்ஸ்பின்:

அப்பாடா, பந்துவீச்சாளர் என்று நான் சொன்னதை ஒருவராவது ஒத்துக்கொண்டாரே.

வவுனியா பஸ்:

எல்லாரும் உருகுகிறீர்கள். 2010இல் மாத்தறையில் ஆளும் கட்சியில் நின்று எம்பி ஆனவர் இவர். 2019இல் ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஐசிசி இரண்டு வருஷம் தடை போட்டது. அதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

அக்கராயன் டைனமோ:

தெரியும் தம்பி. மைதானத்துக்கு வெளியே ஒரு மனுஷன் செய்ததற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. நான் கேட்டது எப்படிக் கண்டீர்கள் என்றுதான். நீர் எப்படிக் கண்டீர்?

வவுனியா பஸ்:

சிங்கப்பூர் இறுதிப் போட்டி, 1996 ஏப்ரல். 17 பந்தில் ஐம்பது. முதல் விக்கெட் 70இல் விழுந்தது, அதில் களுவிதாரணவின் கணக்கு பூச்சியம். ஆனால் அந்த மட்ச்சில் தோற்றோம், அதையும் ஒருவரும் எழுத மாட்டீர்கள்.

தருமபுரம் மச்சாள்:

கோச்சர் அண்ணை, முட்டை கொடுக்கிறேன். ஆனால் நான் எழுத வந்ததே வேறு, நீங்கள் எழுதியதில் மறந்துபோனேன். இடக்கைக்காரருக்கான பெண்பிள்ளை சைஸ் துடுப்பாட்டக் கையுறை கிளிநொச்சியில் எந்தக் கடையிலும் இல்லை. இப்போது வலக்கைக் கையுறையைத்தான் போட்டு ஆடுகிறாள், பெருவிரலுக்குக் காப்பு பிழையான பக்கம். யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, கொழும்புக்குத்தான் சொல்ல வேண்டுமா?

பரந்தன் கோச்சர்:

யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், விரல் நுனியில் இடைவெளி இருக்கக்கூடாது. அதோடு இன்னொரு விஷயம், மட்டையின் கைப்பிடி ரப்பரைப் பற்றி…