மூணு ட்ரயல், மூணும் ஊத்திக்கிச்சு: கிளெண்டா கிரே பண்ணது வீணா?

தூக்கமில்லா பிஜி:
நைட் டூட்டி முடிச்சு தூக்கம் வராம டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. எம்டி முடிச்சதும் எச்ஐவி தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. எங்க புரொஃபசர்கிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு "கிளெண்டா கிரே என்ன பண்ணாங்கன்னு முழுசா படிச்சுட்டு வா, அப்புறம் பேசுவோம்"னு அனுப்பிட்டாரு. படிச்சேன். தென்னாப்பிரிக்கா, குழந்தைகள் டாக்டர், சொவெட்டோல இருக்குற பாரக்வனாத் ஆஸ்பத்திரி. அம்மாகிட்டருந்து குழந்தைக்கு எச்ஐவி போறதைத் தடுக்குறதுல ஆரம்பிச்சவங்க, அதுக்காக 2002ல நெல்சன் மண்டேலா பேர்ல ஒரு விருதுகூட கிடைச்சிருக்கு. அப்புறம் தடுப்பூசி பக்கம் வந்தாங்க. 2007ல ஃபாம்பிலிங்கற ட்ரயல் (ஆளுங்களுக்குப் போட்டுப் பாக்குற சோதனை) பாதில நின்னுச்சு, 2020ல உஹாம்போ நின்னுச்சு, 2021ல இம்போகோடோவும் போச்சு. மூணுலயும் தலைமைப் பொறுப்பு இவங்களுக்கு. படிச்சுட்டு ஆசைப்படணுமா பயப்படணுமான்னு புரியல, அதான் இங்க கேக்குறேன்.

நெத்தியடி:
பயப்படுங்க டாக்டர், நேரம் மிச்சம். 1984ல அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் இன்னும் ரெண்டு வருஷத்துல தடுப்பூசி சோதனைக்கு ரெடியாகும்னு சொன்னாங்க. நாப்பது வருஷம் ஓடிப்போச்சு. இந்தப் பக்கம் 2024ல லெனகபவிர் ரிசல்ட் வந்துச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, தென்னாப்பிரிக்காலயும் உகாண்டாலயும் 2,134 பொண்ணுங்களுக்குப் போட்டாங்க, ஒருத்தருக்குக்கூட தொத்தல. தடுப்பூசி இல்ல, மருந்துதான், ஆனா வேலை செய்யுதுல்ல? இனிமே தடுப்பூசிய நம்பி ஒரு ஆளு முப்பது வருஷத்தக் கொட்டுறதுங்கறது கிணறு வத்துனது தெரிஞ்சும் வாளி விடுற கதை.

லேப் எலி:
வத்திடுச்சுன்னு யாருங்க சொன்னா? அம்மைய எடுத்துக்கோங்க, வந்து பொழைச்சவங்க உடம்பே நமக்குப் பாடம் எடுத்துடுச்சு, அதைப் பாத்து காப்பியடிச்சா போதும். எச்ஐவில காப்பியடிக்க ஆளே கிடையாது, வந்த வைரஸ தானா முழுசா விரட்டுனவங்கன்னு சொன்னா விரல் விட்டு எண்ணிடலாம், அதுவும் சமீபத்துலதான் தெரிய வந்துச்சு. வைரஸ் மேல சர்க்கரைப் போர்வை வேற, நம்ம உடம்போட சர்க்கரையேதான், எதிர்ப்பு அணுவுக்கு அது சொந்தக்காரன் மாதிரி தெரியும். போதாததுக்கு நம்ம செல்லோட டிஎன்ஏக்குள்ளயே போய் உக்காந்துக்கும். இதுல ரெண்டு வருஷம்னு 1984ல வாயை விட்டது அரசியல்வாதி, அந்தக் கடனை டாக்டருங்க தலைல கட்டாதீங்க.

கணக்குப்பிள்ளை:
நான் புள்ளியியல் ஆளு, ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கசக்குறதா சொல்றேன். உஹாம்போ எதை நம்பி ஆரம்பிச்சாங்க? தாய்லாந்துல ஆர்வி144னு ஒரு ட்ரயல், 16,000 பேருக்கு மேல, 2009ல ரிசல்ட் வந்துச்சு, 31 சதவீதம் பாதுகாப்புன்னு உலகமே கொண்டாடுச்சு. உள்ள போய்ப் பாத்தா தடுப்பூசி போட்டவங்கள்ல 51 பேருக்குத் தொத்து, ஒப்பிட்டுப் பாக்க மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்கள்ல 74 பேருக்கு. கணக்கை மூணு விதமா போட்டாங்க, ஒண்ணுலதான் அந்த வித்தியாசம் தற்செயல் இல்லன்னு சொல்ற அளவுக்குத் தேறிச்சு, அதுவும் நூலிழைல. அந்த நூலைப் புடிச்சுதான் தென்னாப்பிரிக்கால 5,400 பேர வச்சு உஹாம்போ. முடிவு தடுப்பூசி பக்கம் 129, வெறும் ஊசி பக்கம் 123. மருந்துக்குக்கூட பிரயோஜனம் இல்ல. ஆனா ஒண்ணு, நூல் அறுந்துபோச்சுன்னு எப்படித் தெரியும்? இழுத்துப் பாத்தாதானே.

நெத்தியடி:
இழுத்துப் பாத்தது யாரோட உடம்புல பிள்ளைவாள்? ஆர்வி144 நடந்துட்டு இருக்கும்போதே, 2004ல, 22 விஞ்ஞானிங்க சயின்ஸ் பத்திரிகைல கடிதம் எழுதி இது தேறாதுன்னு சொன்னாங்க. கேட்டாங்களா? ட்ரயல் ஃபெயிலானா டாக்டருக்கு ஒரு பேப்பர், பாஸானாலும் ஒரு பேப்பர். கைய நீட்டுன பொண்ணுக்கு என்ன கிடைச்சுது?

பழைய நர்ஸ்:
தம்பி நெத்தியடி, நான் ஒரு எச்ஐவி தடுப்பூசி ட்ரயல்ல நர்ஸா இருந்தவ, எந்த ஊரு எந்த ட்ரயல்னு கேக்காதீங்க. நீங்க நினைக்கிற கஷ்டம் வேற, அங்க இருக்குற கஷ்டம் வேற. தடுப்பூசில உயிருள்ள எச்ஐவி வைரஸ் கிடையாது, அதால எச்ஐவி வராது, இதை ஒவ்வொருத்தருக்கும் பத்து தடவை சொல்லுவோம், சொல்லிட்டு அவங்க வாயாலயே திருப்பிச் சொல்லச் சொல்லுவோம், தப்பா சொன்னா கையெழுத்து வாங்க மாட்டோம். நிஜமான தலைவலி அதுக்கப்புறம். தடுப்பூசி போட்டவங்க ரத்தத்துல எதிர்ப்பணு உருவாகும்ல, சாதா டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னு காட்டிடும், வைரஸ் இல்லாமலே. அதுக்குன்னு ஒரு அடையாள அட்டை குடுப்போம், எங்ககிட்ட வந்து வேற டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி. ஒரு பொண்ணு அட்டைய வீட்டுல மறைச்சு வச்சிருந்துச்சு, கர்ப்பமானப்ப வேற எங்கயோ செக்கப் போயி பாசிட்டிவ்னு வந்து, மாமியார் வீட்டுல பெரிய ரகளை. ராத்திரி பதினோரு மணிக்கு எங்க டாக்டர் நேர்ல போயி உக்காந்து, அடுத்த நாள் வைரஸையே நேரா தேடுற டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு காட்டிட்டுதான் நகர்ந்தாங்க. இதெல்லாம் எந்தப் பேப்பர்லயும் வராது. (அந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போகுதுன்னு கேள்வி.)

நெத்தியடி:
அக்கா, உங்க டாக்டர் நல்லவங்க, மறுக்கல. நல்லவங்க இருக்காங்கங்கறதால அந்தத் துறை உருப்படும்னு ஆயிடுமா? தடுப்பூசில எச்ஐவி இல்லங்கறீங்க, சரி. ஃபாம்பிலில போட்ட அதே மெர்க் கம்பெனி தடுப்பூசிய வச்சு ஸ்டெப்னு இன்னொரு ட்ரயல் வேற நாடுகள்ல நடந்துச்சே, 2007 செப்டம்பர்ல ஏன் நிறுத்துனாங்க? போட்டுக்கிட்ட ஆம்பளைங்கள்ல ஒரு பிரிவுக்குத் தொத்து கூடிடுச்சு. காப்பாத்த வந்தது கவுத்துடுச்சு.

லேப் எலி:
நீங்களே இங்க வருவீங்கன்னு தெரியும் :) ஸ்டெப் நின்ன உடனே ஃபாம்பிலியும் நின்னுச்சு, அப்ப 801 பேர்தான் சேந்திருந்தாங்க. எல்லாரையும் கூப்பிட்டு நீ தடுப்பூசி, நீ வெறும் ஊசின்னு சொல்லியாச்சு. சாதாரணமா இதோட கடைய மூடிடுவாங்க, மூடியிருந்தா யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாங்க. கிளெண்டா கிரே குழு மூடல. வருஷக்கணக்கா பின்னாடியே போயி பாத்தாங்க. தடுப்பூசி பக்கம் 63 பேருக்குத் தொத்து, வெறும் ஊசி பக்கம் 37. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமான ஆளுங்க. இதை 2014ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் பத்திரிகைல எழுதுனது யாரு? முதல் பேரே கிளெண்டா கிரே. தான் நடத்துன ட்ரயல்ல போட்ட ஊசி ஆளுங்களுக்குக் கெடுதல் பண்ணியிருக்கலாம்னு தன் பேரப் போட்டு எழுதுறது எத்தனை பேருக்கு வரும்?

கணக்குப்பிள்ளை:
63க்கு 37 எனக்கே இப்பதான் தெரியும். அதுல கலந்துக்கிட்டவங்களுக்கு தான் எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரிஞ்சுடுச்சுங்கறதால நடத்தை மாறியிருக்கலாம், அதை மட்டும் ஓரமா வச்சுக்கணும். ஆனா மறைக்காம போட்டிருக்காங்க. என் தொழில்ல பாதிக்கு மேல எதிர்மறை ரிசல்ட் மேசை டிராயர்ல தூங்குறதப் பாத்தவன் சொல்றேன், இது சின்ன விஷயம் இல்ல.

நெத்தியடி:
நேர்மைக்கு ஒரு சல்யூட், போட்டுட்டேன். இன்னும் பதில் வரல. தடுப்பூசி எங்க?

பழைய நர்ஸ்:
கோவிட் வந்தப்ப எங்க இருந்தீங்க தம்பி? 2021 பிப்ரவரில தென்னாப்பிரிக்கால சிசோங்கேன்னு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 4,80,000 சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போட்டாங்க, முன்னாடி நின்னு நடத்துனவங்கள்ல கிளெண்டா கிரேயும் ஒருத்தர். அது ஜான்சன் தடுப்பூசி, ஏடி26ங்கற வண்டில (பெருக முடியாதபடி மாத்துன ஒரு சளி வைரஸ்) ஏத்துன சரக்கு, இம்போகோடோல ஓட்டுனதும் அதே வண்டிதான். எச்ஐவி சரக்கு போய்ச் சேரல, கோவிட் சரக்கு போய்ச் சேந்துச்சு. கிளினிக், ஃப்ரீசர், டேட்டா ஆளுங்க, வீடு வீடா போயி பேசுற பொம்பளைங்க, இவங்கள்லாம் ஒரே மாசத்துல முளைச்சவங்களா?

நெத்தியடி:
பாயிண்ட் எடுத்துக்கிறேன். வண்டிக்கு ரோடு போட்டவங்கன்னு எழுதுங்க, ஒத்துக்குறேன். ஆனா லெனகபவிர் ஜெனரிக் (அதே மருந்தை வேற கம்பெனிங்க மலிவா தயாரிக்கிறது) 2027லருந்து ஒரு ஆளுக்கு வருஷம் 40 டாலர்னு சொல்லியாச்சு, அந்த ரோட்டுல இனிமே அந்தச் சரக்குதான் போகணும்.

லேப் எலி:
போகட்டும், வேணாம்னு யாரு சொன்னா, நானே கைதட்டுவேன். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாழ்க்கை முழுக்க வந்து நிக்கணும், வராதவங்க கதி? இன்னொண்ணு, வாசல் மூடுறது அறிவியலால மட்டும் இல்ல. தடுப்பூசிக்காக ஆப்பிரிக்க நாடுகளே சேந்து பிரில்லியண்ட்னு ஒரு கூட்டணி, அதுக்கும் கிளெண்டா கிரேதான் தலைமை. 2025 ஆரம்பத்துல அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்துனதும் அதுவும் நின்னுச்சு. நாலாவது தடவை, இந்த தடவை வைரஸ் மேல பழியே இல்ல. இன்னொரு பக்கம் ஐஏவிஐ ஜி001னு சின்ன ட்ரயல்ல, நமக்கு வேணும்கற அபூர்வமான பி செல்லை (எதிர்ப்பணு தயாரிக்குற செல்) 36 பேர்ல 35 பேருக்கு எழுப்பிட்டாங்க. முதல் படிதான், இன்னும் எத்தனை படின்னு தெரியாது, ஆனா இத்தனை வருஷமா அந்தப் படியே இல்ல.

தூக்கமில்லா பிஜி:
எல்லாருக்கும் நன்றி, விடிஞ்சே போச்சு. அந்த 63, 37 பேப்பர பிரிண்ட் எடுத்து பையில வச்சுட்டேன், நாளைக்கு புரொஃபசர் மேசைல வச்சுட்டு இதைப் படிச்சீங்களா சார்னு கேக்கப்போறேன். நர்ஸக்கா, அந்த அடையாள அட்டைல என்னென்ன எழுதியிருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?