வட்டச் சாவி கொண்ட பழைய யு-பூட்டை நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். நாள்தோறும் புறநகர் ரயில் நிலையம் வரை சைக்கிளில் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். சென்ற மாதம், கேபிள் பூட்டுப் போட்டு நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த என் சைக்கிள் திருடு போய்விட்டது. மாலையில் வந்து பார்த்தபோது, உறை அறுபட்டு, உள்ளிருந்த கம்பி இழைகள் துடைப்பம்போல் பிரிந்த நிலையில் பூட்டு மட்டும் தரையில் கிடந்தது. புதிய சைக்கிளுக்கு, அண்ணன் 2002-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கனத்த யு-பூட்டைப் (U எழுத்துபோல் வளைந்த கம்பி கொண்ட பூட்டு) போடலாம் என்று நினைக்கிறேன். அதன் சாவி தட்டையாக இல்லாமல் குழல் வடிவில் இருக்கிறது. இதை நம்பலாமா?

பதில் 1:
ஐயா, கம்பியின் கனத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பலவீனம் சாவித் துளையில் இருக்கிறது. இவ்வகைப் பூட்டில் ஏழெட்டு ஊசிகள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் உரிய ஆழத்துக்கு அழுந்தினால்தான் பூட்டு திரும்பும். 2004 செப்டம்பரில், கிரிப்டோனைட் நிறுவனத்தின் விலையுயர்ந்த யு-பூட்டுகளைப் பிக் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலால் சில விநாடிகளில் திறந்துகாட்டும் காணொளிகள் இணையத்தில் பரவின. குழலின் அகலம் துளைக்குப் பொருந்தியது. மென்மையான பிளாஸ்டிக்கில் ஊசிகள் தத்தம் ஆழத்தைத் தாமே பதித்துக்கொண்டதால், அழுத்தி அசைத்தபோது பேனாவே சாவியாகிவிட்டது. பின்னர் அந்நிறுவனம் அவற்றுக்குப் பதிலாகத் தட்டைச் சாவிப் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. பிரிட்டனின் சைக்கிள் இதழொன்று 1992-லேயே இக்குறையைச் சுட்டியிருந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை எண்ணினால் இன்றும் வேதனையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. நேற்றிரவு மகளின் தீர்ந்துபோன பேனாவைக் கழற்றி, குழலைத் துளையில் அழுத்தி இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தேன். மூன்றாம் முறை 'டக்'கென்று திறந்துகொண்டது, நெஞ்சு பதறிவிட்டது. கடையில் எண் பூட்டும் ரிங் லாக்கும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில் 2:
ரிங் லாக் பின்சக்கரம் சுழல்வதைத் தடுக்குமே தவிர, சைக்கிளைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. மலிவான எண் பூட்டை இழுத்துப் பிடித்தபடி வளையங்களைத் திருப்பினால், சரியான எண் வருமிடத்தில் இறுக்கம் மாறுவது பழகிய கைக்குத் தெரிந்துவிடும். தட்டைச் சாவி கொண்ட, கடினப்படுத்திய எஃகாலான யு-பூட்டையே வாங்குங்கள்.

பூட்டும் முறையும் முக்கியம். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பிணைத்தால், சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோய்விடுவார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன், பின்புற முக்கோணச் சட்டத்துக்குள் வரும் இடத்தில் பின்சக்கரத்தின் ரிம்மையும் டயரையும் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினால் போதும் என்றார்; சட்டத்தை அறுக்காமல் சக்கரத்தை வெளியே உருவ முடியாது, ரிம்மை அறுக்க முயன்றாலோ ஆரக்கம்பிகளின் இழுவிசையால் அது ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இரும்பை அறுக்கும் கிரைண்டர் கொண்டுவருபவனுக்கு முன்னால் எந்தப் பூட்டும் நெடுநேரம் நிற்காது என்பதால், ஆள் நடமாட்டமுள்ள இடத்திலேயே நிறுத்துங்கள்.

பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். தொலைந்த சைக்கிளின் பில்லில் அவ்வெண் இருந்தால், புகாரில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மீட்கப்பட்ட சைக்கிள்களுக்கு நடுவே உங்களுடையதை அடையாளம் காட்ட அது உதவும்.

கேள்வி கேட்டவர்:
பழைய பில்லைத் தேடி எடுத்துவிட்டேன். எண் அதில் இருக்கிறது. நாளைக் காலை காவல் நிலையத்துக்குப் போகிறேன்.