பேனிங்கில் காரின் முன்பாதி தெளிவு, பின்பாதி இழுவை: எங்கே தவறுகிறது?

கேள்வி:

வணக்கம். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கார் பந்தயங்களைப் படம் எடுத்துப் பழகி வருகிறேன். கேமரா கேனான் 80டி, லென்ஸ் பழைய 70-300 ஐஎஸ் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி உள்ளது). ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தால் படம் துல்லியமாக வருகிறது. ஆனால் சக்கரமும் அசையாமல் நின்றுவிடுவதால், கார் டிராக் நடுவில் நிறுத்திவைத்தது போல இருக்கிறது. அதனால் 1/60-க்கு இறங்கி, காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பியபடி எடுக்கும் பேனிங்கை முயன்றேன்.

இப்போது பின்னணி அழகாக இழுபடுகிறது, வேகமும் தெரிகிறது. ஆனால் ஃபார்முலா கார்களில் மூக்கும் எண்ணும் தெளிவாக இருக்க, பின் சக்கரப் பகுதி கலங்கிப் போகிறது. வேறு சில படங்களில் கார் முழுக்கவே இரட்டையாகத் தெரிகிறது. மதிய வெயில் என்பதால் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100-க்குக் குறைத்தும், லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்க வேண்டியிருக்கிறது. வானத்தில் கரும்புள்ளிகள் வேறு. ஃபோகஸ் கோளாறா, என் கை கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

செட்டிங்கைத் தொடும் முன் ஒன்று பாருங்கள் நண்பரே. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஹெல்மெட்டில் விழும் வெயில் மினுக்கைத் தேடுங்கள். அது புள்ளியாக இல்லாமல் கோடாக இருக்கும். அந்தக் கோடு படுக்கையாக இருந்தால், நீங்கள் திரும்பிய வேகமும் கார் போன வேகமும் ஒத்துப்போகவில்லை. செங்குத்தாகவோ சாய்வாகவோ இருந்தால் கேமரா மேலும் கீழும் ஆடியிருக்கிறது. கோடே இல்லாமல் மெத்தென்ற வட்டமாகப் பரவியிருந்தால்தான் ஃபோகஸைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கூடவே, எங்கே நின்று எடுத்தீர்கள், ஐஎஸ் எந்த மோடில் இருந்தது என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன் அண்ணா. இரட்டையாகத் தெரிகிற படங்களில் கோடு சாய்வாக இருக்கிறது. மூக்கு மட்டும் தெளிவாக உள்ள படங்களில், பின்பக்கம் போகப் போகப் படுக்கைக் கோடு நீளமாகிறது. நின்றது நேர்ப்பாதை ஓரம், கம்பிவலையை ஒட்டி. கார் என்னைத் தாண்டிக் கொஞ்சம் போன பிறகுதான் பெரும்பாலும் அழுத்தியிருக்கிறேன். ஐஎஸ் மோட் 1.

பதில் 1:

அப்படியென்றால் ஃபோகஸ் சரி. சாய்வுக் கோட்டுக்கு முதலில் மோட் 2-க்கு மாற்றுங்கள். மோட் 1 எல்லாத் திசை அசைவையும் சரிசெய்யப் பார்க்கும். நீங்கள் வேண்டுமென்றே திரும்புவதும் அதற்கு ஆட்டம்தான். மோட் 2 திரும்பும் திசையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அடக்கும்.

அப்புறம் உடம்பு. கார் உங்களுக்கு நேர் எதிரே வரும் இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். கார் வருகிற பக்கம் இடுப்பை முறுக்கித் தொடங்கி, முறுக்கு அவிழும்போது எடுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஷட்டர் விழுந்த பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. உங்களுடையது கண்ணாடி உள்ள கேமரா. ஷட்டர் திறந்திருக்கும்போது அந்தக் கண்ணாடி மேலே மடங்கி வ்யூஃபைண்டர் இருட்டாகும், கை தானாகத் தயங்கும். அந்தத் தயக்கம்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

பதில் 2 (கோவையிலிருந்து):

மூக்கு தெளிவு, வால் இழுவை விஷயத்தில் கைமேல் பழி போட வேண்டாம் தம்பி. அது நீங்கள் நிற்கிற இடத்தால் வருவது.

மணிக்கு 144 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 40 மீட்டர் நகரும். 1/60 நொடியில் கிட்டத்தட்ட 67 சென்டிமீட்டர். கிட்டத்தில் நின்று பார்த்தால் காரின் முனையும் வாலும் உங்கள் கண்ணுக்கு ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. நேர் எதிரே இருக்கும்போது வித்தியாசம் மிகக் கொஞ்சம். தாண்டிப் போய்விட்டால், தூரத்தில் உள்ள மூக்கு மெதுவாகவும் உங்களுக்கு அருகில் உள்ள வால் வேகமாகவும் திரும்பும். கேமரா ஏதாவது ஒன்றோடுதான் ஒத்துப்போக முடியும். உங்கள் கை மூக்கோடு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கார் சரியாகப் பக்கவாட்டில் வரும் கணத்தில் அழுத்துங்கள். இன்னும் பின்னால் தள்ளி நின்று 300 எம்எம்-ல் எடுத்தால் வித்தியாசம் மேலும் குறையும். எனக்கு மிகப் பிடித்தது வளைவின் உட்பக்கம். கார் உங்களைச் சுற்றி வில்போல வரும், தூரம் அதிகம் மாறாது, மூக்கு முதல் வால்வரை ஒரே வேகத்தில் திரும்பும். பார்வையாளருக்கு அனுமதி உள்ள பகுதியிலிருந்து அப்படி ஒரு கோணம் கிடைத்தால் விடாதீர்கள்.

கரும்புள்ளிகள் சென்சார் தூசி. எஃப்/22-ல் தூசி அத்தனையும் பளிச்சென்று தெரியும். படத்தின் கூர்மையும் குறையும். என்டி8 ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும், அதே 1/60-ல் எஃப்/8-க்கு வந்துவிடலாம். போலரைசர் ஃபில்டர் கையில் இருந்தால், அதுவும் ஒளியைக் குறைப்பதால் ஓரளவு உதவும்.

ஒரு எச்சரிக்கை: எஃப்/8-க்கு வந்தாலும், வலை லென்ஸுக்கு முன்னால் இருக்கும்வரை படத்தின் மேல் சாம்பல் நிறத் திரை படரும். லென்ஸை வலையோடு ஒட்டிவிடலாம் என்றால் திரும்ப இடமிருக்காது. வலைக்கு மேலே பார்க்கிற மாதிரி உயரமான இடம் தேடுவதே நல்லது.

பதில் 1:

இதோடு இன்னொன்று. நேராக 1/60-ல் தொடங்காமல் 1/250-ல் சில படங்களை உறுதிசெய்துகொண்டு, 1/125, 1/60 என்று இறங்குங்கள். 1/125-லேயே சக்கரம் நன்றாகச் சுழல்வது தெரியும். ஏஐ சர்வோ (நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்), நடு ஃபோகஸ் புள்ளி, அதை ஹெல்மெட்டின் மேல் வையுங்கள். மூன்று நான்கு ஃப்ரேமுக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம். வ்யூஃபைண்டர் இருட்டாகும் நேரத்தில் கார் நழுவிவிடும்.

கேட்டவர்:

மோட் 2-க்கு மாற்றி, சாலையோர நடைபாதையில் நின்று பேருந்துகளை எடுத்துப் பார்த்தேன். சாய்வுக் கோடு ஏறக்குறைய போய்விட்டது! நேர் எதிரே அழுத்தினால் பேருந்தின் பக்கத்து எழுத்து முழுக்கப் படிக்க முடிகிறது. இரண்டு பேருக்கும் நன்றி. மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வாங்கினால் இன்னும் உதவுமா?

பதில் 2:

உங்கள் லென்ஸ் எடைக்கு இப்போது தேவையில்லை. அந்தப் பணத்தில் என்டி ஃபில்டரை முதலில் வாங்குங்கள், சென்சாரையும் சுத்தம் செய்யக் கொடுங்கள்.